பழைய மடக்கு கேம்பர் டிரெய்லரில் (காருக்குப் பின்னால் இழுத்துப்போய், கூரையைத் தூக்கி உள்ளே தங்கும் வண்டி) கூரையின் ஒரு மூலை மட்டும் எழும்பவில்லை. சென்னையில் இதைச் சரிசெய்ய முடியுமா?

முடியும், நாங்களே செய்திருக்கிறோம். ஆனால் இதைப் படித்து முடிக்கும்வரை வின்ச் (கூரையைத் தூக்கக் கையால் சுற்றும் உருளை) கைப்பிடியைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஒரு மூலை பின்தங்கி நிற்கும்போது மேலும் சுற்றினால் மற்ற மூன்று கம்பங்களும் கோணலாகி இறுகிக்கொள்ளும். கூரையைத் தூக்கும் கேபிளை, அதாவது கம்பி வடத்தை, மாற்றுவது ஒன்றிரண்டு நாள் வேலை. வளைந்த கம்பத்தை நிமிர்த்துவது அப்படியில்லை.

எங்களுடையது அமெரிக்காவில் செய்த பழைய வண்டி. மாமனார் செகண்ட் ஹேண்டில் வாங்கி, உத்தண்டியில் தோட்டத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். கடல் கூப்பிடு தூரம். அந்த உப்புக்காற்றில் இரும்பு என்ன பாடுபடும் என்று ஈசிஆர் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒருநாள் கூரையைத் தூக்கும்போது பின்பக்க இடது மூலை பாதியில் நின்றுவிட்டது.

எங்கள் வண்டியின் அமைப்பைச் சொல்கிறேன், உங்களுடையதும் இப்படியா என்று பாருங்கள். முன்னால் வின்ச். அதிலிருந்து ஒரு கேபிள் வண்டிக்கு அடியில் போய் ஒரு குறுக்குப் பட்டையை இழுக்கும். அந்தப் பட்டையிலிருந்து நான்கு கேபிள்கள் பிரிந்து, புல்லிகள் வழியாக நான்கு மூலைகளுக்கும் போகும். மூலையில் இருப்பவை பழைய ரேடியோ ஏரியல் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்க் கம்பங்கள். சில வண்டிகளில் மூலைக்குக் கேபிளுக்குப் பதிலாக நீளமான ஸ்பிரிங் போய்க் கம்பத்தை உள்ளிருந்து தள்ளும். அதற்கு வேலை வேறு. நான் சொல்வது கேபிள் வகைக்கு மட்டும்.

முதலில் முட்டு. கட்டட வேலைக்கு வாடகைக்குத் தரும் சென்ட்ரிங் ஜாக்கி நான்கு எடுத்து வாருங்கள். உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பதால் சவுக்குக் கட்டையைவிட இதுதான் வசதி. நான்கு மூலைகளிலும் கூரைச் சட்டத்துக்கு அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுத்து, கூரையின் கனம் முழுவதும் ஜாக்கிகள் மேல் உட்கார்ந்த பிறகுதான் கேபிளைத் தளர்த்த வேண்டும். சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். அடியில் படுத்து வேலை செய்யப் போகிறீர்கள் என்றால் சேஸிஸுக்கும் ஸ்டாண்ட் போடுங்கள். மூலையில் இருக்கும் சின்னக் கால்கள் வண்டி ஆடாமல் இருக்கத்தான். எடை தாங்க அல்ல. இந்த இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். அந்தக் கூரை ஒரு ஆளின் கழுத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் பழைய துணியால் கேபிளைப் பிடித்து முழு நீளத்துக்கும் உருவிப் பாருங்கள். வெறுங்கையால் கூடாது. அறுந்த இழை ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். துணி மாட்டும் இடமெல்லாம் இழை போன இடம். எங்கள் கேபிளில் துணி மூன்று இடத்தில் மாட்டியது. நாலாவது இடத்தில் ஒரு கிளிப்பே இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மெக்கானிக் அறுந்த கேபிளை வெட்டி நடுவில் கிளிப் போட்டு ஒட்டுப்போட்டிருந்தார். அந்த முடிச்சு புல்லிக்குள் நுழையாமல் முட்டி நின்றதால்தான் மூலை எழும்பவில்லை. தூக்கும் கேபிளில் நடு ஒட்டு கூடவே கூடாது. அறுந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும்.

சரி, ஆனால் கேபிள் முதலில் ஏன் அறுந்தது? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணனிடம் சாமான்களைக் கொண்டுபோனேன். "கேபிளை விடுங்க சார், புல்லியைப் பாருங்க" என்றார். அவர் புல்லியைக் கையில் எடுத்துச் சுற்றினார், அது அசையவில்லை. அச்சு துருப்பிடித்து உள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தது. பள்ளத்தில் ஒரே இடத்தில் கேபிள் ஓடி ஓடி, நகம் புதைகிற அளவுக்கு அறுத்திருந்தது. கிணற்று ராட்டினம் சுற்றாமல் நின்றுபோனால் கயிறு எப்படித் தேயும், அதேதான். இந்தப் புல்லியை விட்டுவிட்டுப் புதுக் கேபிள் போட்டிருந்தால் அதுவும் அறுந்திருக்கும்.

அண்ணன் பழைய புல்லியை அளந்து, நைலான் ராடில் கடைந்து, நடுவில் கன்மெட்டல் புஷ் (அச்சு நுழையும் உலோகக் குழல்) அடித்துக் கொடுத்தார். பள்ளம் கேபிளைவிட ஒரு துளி அகலமாக இருக்க வேண்டும் என்று கேட்டுச் செய்யுங்கள். இறுக்கமாக இருந்தால் கேபிளை நெரிக்கும், ரொம்ப அகலமானால் கேபிள் நசுங்கும். எங்களுக்குக் கெட்டது ஒன்றுதான், ஆனாலும் எல்லாப் புல்லிகளையும் மாற்றினோம்.

கேபிளுக்குப் பாரிமுனைதான். லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் ஒயர் ரோப் கடைகளில் கேளுங்கள். 7x19 பின்னல் என்று சொல்லிக் கேளுங்கள். ஏழு புரி, புரிக்குப் பத்தொன்பது இழை; புல்லியில் நன்றாக வளையும். 1x19 பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஆனால் அது விறைப்பானது, இழுத்துக் கட்டத்தான் ஆகும். எங்களுடைய பழைய கேபிள் 3/16 அங்குலம், அதாவது சுமார் 4.8 மில்லிமீட்டர். இங்கே 5 மில்லிமீட்டர் கிடைத்தது, அதற்கேற்பப் புல்லிப் பள்ளத்தை வைத்தோம். கனமாக இருக்கட்டுமே என்று 6, 8 என்று போகாதீர்கள், பள்ளத்தில் உட்காராது. அறுபடும் எடையை எழுதி வாங்கி, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள். நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், புதியது நீண்டிருக்காது, கூரை மறுபடி கோணும்.

முனைகளில் திம்பிள் (கேபிள் வளையம் நசுங்காமல் உள்ளே வைக்கும் உலோகப் பள்ளம்) வைத்து, ஃபெரூல் (கேபிளை நெருக்கிப் பூட்டும் உலோகக் குழல்) போட்டுக் கடையிலேயே பிரஸ் செய்து தரச் சொல்லுங்கள். பழைய கேபிளையே அளவுக்குக் கொண்டுபோங்கள். வேறு வழியில்லாமல் யு கிளிப் போட்டால் முனைக்கு மூன்று. யு வளைவு வெட்டிய வால் பக்கம், அடிக்கட்டை சுமை தாங்கும் பக்கம். இதை மாற்றிப் போட்டால் சுமைக் கேபிளையே கடிக்கும். முதல் தடவை தூக்கி இறக்கிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

வின்சில் பல்சக்கரத்துக்கு கிரீஸ் வைக்கலாம். பிரேக் உள்ள வின்ச் என்றால் உராய்வு வட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக்கூடாது. பட்டால் பிரேக் பிடிக்காமல் கைப்பிடி தானாகச் சுழன்று கையை உடைக்கும். டிரில் மாட்டியும் சுற்ற வேண்டாம், இறக்கும்போது வட்டு சூடேறும். கூரை கீழே இருக்கும்போதும் டிரம்மில் மூன்று நான்கு சுற்று மிச்சம் இருக்கட்டும். கம்பங்களுக்கு கிரீஸ் வேண்டாம், கடற்கரை மணல் ஒட்டும். சிலிக்கான் ஸ்பிரே போதும்.

எல்லாம் மாட்டியதும் ஒரு அடி தூக்கிக் கையை விட்டுப் பார்த்தோம், அப்படியே நின்றது. பின் இடது மூலை மட்டும் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. குறுக்குப் பட்டையில் அந்தக் கேபிளின் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி ரசமட்டம் வைத்துச் சரிசெய்தேன். மாமனார் நாற்காலியைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "இன்னும் ஒரு நூல் தூக்குப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உங்கள் வின்ச்சையும் அந்த மூலைப் புல்லியையும் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டால் நல்லது. பாதி எழும்பிய கூரையில் கான்வாஸ் நனைந்தால் பூஞ்சை பிடித்து அதுவும் போய்விடும்.