உழக்குக்கு எத்தனை மில்லி?

கேள்வி: செக்கு நல்லெண்ணெய் ஒரு கடையில் லிட்டர் 400 ரூபாய், எதிர்க்கடையில் கிலோ 420 ரூபாய். லிட்டரே மலிவு என்று வாங்கினேன். சரிதானே? (களக்காடு வாசகர்)

பதில்: சரியில்லை. ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஏறத்தாழ 920 கிராம்தான் நிற்கும். கிலோ 420 ரூபாய் என்பது லிட்டர் கணக்கில் சுமார் 386 ரூபாய். ஆகவே தாங்கள் லிட்டருக்கு 14 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு தீபாவளிக்கு முன்பு நானும் 15 கிலோ டின்னின் விலையைக் கொடுத்து 15 லிட்டர் டின்னை வாங்கி வந்தேன். வீட்டில் நிறுத்து, டின்னின் எடையைக் கழித்துப் பார்த்தபோது எண்ணெய் பதின்மூன்றே முக்கால் கிலோ அளவில்தான் இருந்தது. தகரத்தின் மேல் லிட்டர் என்றே அச்சிட்டிருந்ததால், கடைக்காரரிடம் முறையிட எனக்கு வழியில்லாமல் போயிற்று. அன்று முதல் கிலோ விலையை 0.92ஆல் பெருக்கிப் பார்க்காமல் நான் எண்ணெய் வாங்குவதில்லை.

கேள்வி: பாபநாசம் பக்கம் ஒரு கிலோ தேன் வாங்கினேன். முக்கால் லிட்டர் புட்டிகூட நிறையவில்லை. ஏமாந்துவிட்டேனா? (தென்காசி வாசகர்)

பதில்: இல்லை. ஒரு லிட்டர் தேன் ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும். கிலோவுக்கு 700 மில்லிதான் வரும். விற்றவர் மீது பழி போடுமுன் கிலோ வேறு, லிட்டர் வேறு என்பதை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: பால்காரர் உழக்கு என்றால் கால் லிட்டர் என்று சொல்லி, ஒரு எவர்சில்வர் டம்ளரால் தினமும் இரண்டு உழக்கு ஊற்றுகிறார். என் அரை லிட்டர் பாத்திரம் நிறைந்ததே இல்லை. கேட்டால், "காலங்காலமா இதே உழக்குத்தான் ஆச்சி" என்கிறார். (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: தங்கள் சந்தேகம் நியாயமானது அம்மா. இந்தக் காலங்காலம் என்ற பேச்சை ஏற்கவே முடியாது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி என்ற வாய்பாடு பழையதுதான். ஆனால் நாழியின் கொள்ளளவே ஊருக்கு ஊர் மாறியதால், உழக்கு இத்தனை மில்லி என்று எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது. இந்தக் குழப்பம் தீரத்தான் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொண்டு வந்தது; இன்று நடைமுறையிலுள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, அளந்து விற்பவர் அரசு முத்திரையிட்ட மெட்ரிக் அளவையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சமையலறை மின்னணுத் தராசில் அந்த டம்ளரை வைத்து, தராசு காட்டும் எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரு கிராம் என்றால் ஒரு மில்லி. தராசு 210 காட்டினால், கால் லிட்டருக்கு, அதாவது 250 மில்லிக்கு, உழக்குக்கு 40 மில்லி குறைவு; நாளுக்கு 80 மில்லி என்று மாதத்துக்கு 2.4 லிட்டர் பாலுக்குத் தாங்கள் வெறுமனே பணம் கொடுக்கிறீர்கள். நுரை பொங்க ஊற்றினால் இன்னும் குறையும். முத்திரையிட்ட அளவை கொண்டுவர அவர் மறுத்தால், தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே முறையிடலாம்.

கேள்வி: குழந்தைக்கு 5 மில்லி மருந்து என்றார் மருத்துவர். அளவு மூடி தொலைந்துவிட்டது. வீட்டு டீஸ்பூன் போதுமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: போதாது. கரண்டிக்குக் கரண்டி கொள்ளளவு மாறும். மருந்துக் கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்றை இன்றே வாங்குங்கள்.