சட்னி என்று நினைத்து வாயில் போட்டுவிட்டேன்

கேள்வி: மகள் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் வேலை பார்க்கிறாள். போன மாதம் எங்களையும் சம்பந்தி வீட்டாரையும் அங்கே ஒரு ஜப்பானிய ஓட்டலுக்கு சுஷி சாப்பிடக் கூட்டிப் போனாள். தட்டின் ஓரத்தில் பச்சையாக ஓர் உருண்டை இருந்தது. புதினா சட்னி என்று நினைத்து மொத்தத்தையும் வாயில் போட்டுவிட்டேன். மூச்சே நின்ற மாதிரி ஆகிவிட்டது. கண்ணும் மூக்கும் கொட்ட, எழுந்து வெளியே ஓடினேன். சாப்பிடத் தந்த இரட்டைக் குச்சியும் பிடிக்க வரவில்லை. மாப்பிள்ளை பிறந்தநாளுக்கு மறுபடி அதே கடையாம். போகவே கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், காவேரிப்பட்டினம்

பதில்: கட்டாயம் போய் வாருங்கள் ஐயா. இதில் தலைகுனிய ஒன்றுமே இல்லை. நீங்கள் சாப்பிட்டது வசாபி. ஜப்பானில் மலை ஓடைகளில் வளரும் செடி அது, அதன் தண்டைத் துருவி எடுப்பார்கள். விலை அதிகம் என்பதால் பெரும்பாலான கடைகளில் ஹார்ஸ்ராடிஷ் என்ற வேரை அரைத்துப் பச்சை நிறம் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டும் கடுகின் குடும்பம்தான். மிளகாய்க் காரம் நாக்கில் தங்கும், இது ஆவியாக மூக்குக்கு ஏறும். ஆவக்காயில் கடுகுப்பொடி கூடிப்போனால் உச்சந்தலைக்கு ஏறுமே, அதே சுரீர். சற்று நேரத்தில் தானாக அடங்கிவிடும். அடுத்த முறை குச்சி நுனியில் பயறளவு எடுத்தால் போதும்.

ஓசூரில் ஒரு விருந்தினர் விடுதியில் பதினோரு வருடம் சமையல் பார்த்தவள் நான். ஜப்பானியப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் தங்குவார்கள். அவர்களில் வயதான ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை ஒதுக்கிவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டார். குட்டையான ஒட்டும் அரிசியைக் குழையாமல் வேகவைத்து, அகலமான மரத்தொட்டியில் கொட்டினார். வினிகரில் சர்க்கரையும் உப்பும் கரைத்து ஊற்றி, மரக்கரண்டியால் வெட்டுவதுபோலக் கிளறினார். ஒரு கை கிளற, இன்னொரு கை விசிறியால் விசிறியபடி இருந்தது. எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. புளியோதரைக்குத் தாம்பாளத்தில் சோற்றைப் பரப்பி நல்லெண்ணெய் விட்டு ஆறவைப்பாள். நான் கை வைத்தால் பருக்கை உடையும் என்று தட்டிவிடுவாள்.

சுஷி என்றால் பச்சை மீன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வினிகர் கலந்த அந்தச் சோறுதான் சுஷி. மேலே மீன் இருக்கலாம், முட்டை இருக்கலாம், வெள்ளரிக்காயும் இருக்கலாம். சோறில்லாமல் வெறும் மீன் துண்டாக வந்தால் அதற்கு சாஷிமி என்று பெயர். அதனால் ஒரு சுஷி கடை நல்லதா என்று பார்க்க நான் முதலில் சோற்றைத்தான் கவனிப்பேன். கை பொறுக்கும் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், வாயில் போட்டதும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். சோறு ஜில்லென்று கட்டியாக இருந்தால் மீன் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் எனக்குப் பிடிக்காது.

குச்சிக்காகக் கவலை வேண்டாம். சோற்றைக் கையால் பிடித்து மேலே மீன் வைத்துத் தரும் நிகிரியை ஜப்பானியர்களே கையால் எடுத்துச் சாப்பிடுவதுண்டு. இன்று டோக்கியோவாக இருக்கும் எடோ நகரத்தில் 1820களில் தெருக்கடைப் பண்டமாகப் பரவியது அது. ஹனாயா யோஹெய் என்பவர் பெயரைச் சொல்வார்கள். விரலால் எடுத்து, மீன் பக்கத்தைச் சாய்த்து சோயா சாஸில் லேசாகத் தொட்டு, ஒரே வாயில் போடுங்கள். சோற்றுப் பக்கத்தை முக்கினால் உதிர்ந்துவிடும், உப்பும் ஏறிவிடும். ஓரத்தில் வைக்கும் இஞ்சி ஊறுகாயை ஒரு வகைக்கும் அடுத்த வகைக்கும் நடுவே வாய்க்குப் போட்டுக்கொள்ளலாம்.

குச்சி எடுத்தீர்கள் என்றால் இரண்டு விஷயம் மட்டும் கவனம். கிண்ணத்துச் சோற்றில் அதை நட்டு வைக்கக் கூடாது. அங்கே இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவார்கள். உங்கள் குச்சியிலிருந்து அடுத்தவர் குச்சிக்கு எதையும் மாற்றவும் கூடாது, தகனம் முடிந்து எலும்பை எடுத்து வைக்கும் முறை அது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். பேரப்பிள்ளைகள் சுஷி சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். எங்களுக்கு அங்கே ஏதாவது கிடைக்குமா?
– ஒரு வாசகி, தருமபுரி

பதில்: கிடைக்கும் அம்மா. வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய கப்பா மாகி, அவகாடோ வைத்தது, இரண்டும் அநேகமாக எல்லாக் கடையிலும் இருக்கும். சுற்றியிருக்கும் கறுப்புத் தாள் மீன் இல்லை, நோரி என்ற கடற்பாசி. சுரைக்காயை நாடாவாகச் சீவிக் காயவைத்து வேகவைக்கும் கன்பியோவும் உண்டு.

ஆனால் சூப்பில் ஏமாந்துவிடாதீர்கள். புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் பார்க்கப் பருப்புத் தண்ணி மாதிரிதான் இருக்கும். அதன் அடித்தண்ணீரான தாஷியைப் பெரும்பாலும் கட்சுவோபுஷி போட்டுத்தான் காய்ச்சுவார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்துச் சீவியது அது. நம் மாசிக்கருவாட்டுக்கு அண்ணன் தம்பி. கன்பியோ வேகவைக்கும் நீரிலும், மாவில் தோய்த்துப் பொரிக்கும் டெம்புராவுக்குத் தரும் சாஸிலும் அதே தாஷி இருக்கலாம். விடுதியில் கணக்குப் பார்த்த ஓர் அம்மாவுக்கு, விவரம் தெரியாத காலத்தில் நானே மிசோ சூப் கொடுத்துவிட்டேன். பிறகு தெரிந்து அவர் அழுதது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது. அதனால் “மீன் தண்ணீர் சேர்த்ததா, கொம்பு என்ற கடற்பாசி மட்டும் போட்டதா?” என்று ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுக் கேளுங்கள். பரிமாறும் பிள்ளைக்குத் தெரியாவிட்டால் உள்ளே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: ஒகேனக்கலில் அப்போதுதான் பிடித்த மீன் கிடைக்கிறது. அதை வைத்து வீட்டிலேயே சுஷி செய்யலாமா அக்கா?
– கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: வேண்டாம் தம்பி. ஆற்று மீனைப் பச்சையாகச் சாப்பிடவே கூடாது. கிருஷ்ணகிரி அணை மீனுக்கும் இதுதான் பதில். துள்ளத் துள்ளப் பிடித்திருந்தாலும் உள்ளே ஒட்டுண்ணிப் புழு இருக்கலாம். எலுமிச்சையோ வினிகரோ அதைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கடல் மீனிலும் புழு உண்டு. அதனால்தான் பச்சையாகப் பரிமாறும் மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறையவைக்க வேண்டும் என்று அமெரிக்காவில் விதி வைத்திருக்கிறார்கள். வீட்டு ஃப்ரிட்ஜை நம்பி இதைச் செய்யாதே. கர்ப்பிணிகள் கடையிலும் பச்சை மீனைத் தவிர்ப்பது நல்லது.

ஆசையாக இருந்தால் வெள்ளரிக்காய், ஆம்லெட் துண்டு, வேகவைத்த இறால் வைத்துச் சுருட்டிப் பார். பொன்னி அரிசி உதிரி உதிரியாக நிற்கும், குட்டை அரிசிதான் ஒட்டும். ஒகேனக்கல் மீனை அங்கேயே மசாலா தடவிப் பொரித்துத் தரும் அக்காமார்களிடம் கொடுத்துவிடு.