தென்னாப்பிரிக்காவில் வேலையிட விபத்துகளைக் குறைக்க அரசு எடுத்த முயற்சிகள் பலன் தந்திருக்கின்றனவா?

சுரங்கத்தில் தந்திருக்கின்றன. தொழிற்சாலையில் பாதிதான். டர்பனில் பதினாறு வருடமாக மெஷின் ஃபிட்டராக வேலை பார்க்கிறேன். இப்போது எங்கள் பட்டறையின் பாதுகாப்புப் பிரதிநிதியும் நான்தான்.

1986-ல் கின்ராஸ் தங்கச் சுரங்கத் தீயில் 177 பேர் இறந்தார்கள். 1995-ல் வால் ரீஃப்ஸ் சுரங்கத்தில் ஒரு ரயில் எஞ்சின் குழிக்குள் பாய்ந்து, ஆட்கள் இருந்த லிஃப்ட் கூண்டின் மேல் விழுந்ததில் 104 பேர். அடுத்த வருடமே சுரங்கங்களுக்கென்று புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆபத்து என்று தெரிந்தால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு வெளியேறலாம், ஆய்வாளர் வேலையையே நிறுத்தலாம் என்று அதில் இருக்கிறது. 1993-ல் 615 பேர் செத்த தொழிலில் 2024-ல் இறந்தவர்கள் 42 பேர். இடையில் சுரங்கத் தொழிலாளர் எண்ணிக்கையும் குறைந்தது உண்மைதான். ஆனாலும் வேலை நின்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு போகும் என்று முதலாளிக்குத் தெரியும். அந்தப் பயம் பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

தொழிற்சாலைகளுக்கு 1993-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 20 பேருக்கு மேல் வேலை செய்தால் பாதுகாப்புப் பிரதிநிதி வேண்டும், பட்டறை என்றால் 50 பேருக்கு ஒருவர். எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

முன்பு நான் இருந்த பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். அவசர ஆர்டர் என்று பிரஸ் மெஷினில் கை போகாமல் தடுக்கும் கம்பிக் கூண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டச் சொன்னார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஒரு அண்ணன் அதில் இரண்டு விரலை இழந்தார். அவருக்குத் தமிழில் சில சொற்கள்தான் தெரியும், என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஃபோர்மேன் செய்த முதல் காரியம், அதை மருத்துவ விடுப்பில் எழுதியது. விபத்து என்று யாரும் பதியவில்லை. புகார் கொடுக்கலாம் என்றேன். "வேண்டாம் தம்பி, வேலை போயிடும்" என்றார். வீட்டில் படிக்கிற பிள்ளைகள். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகு மருத்துவமனைச் சீட்டுகளை நாங்களே திரட்டி இழப்பீட்டுக்கு விண்ணப்பித்தோம். முதல் சில வாரங்களுக்கு விபத்துப் பதிவே இல்லாததால் இழுத்துக்கொண்டே போனது. ஆய்வாளர் வந்து அந்த மெஷினுக்குத் தடை நோட்டீஸ் கொடுத்த பிறகு, மூன்றே நாளில் புதிய கூண்டு வந்தது. திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். மூன்று நாளில் முடிகிற வேலையை அதற்கு முன் ஏன் செய்யவில்லை? ஆய்வாளர்கள் யாரும் கூப்பிடாமலே பட்டறைகளுக்குள் வர வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடிபட்டால் அன்றைக்கே மேலாளரிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கிடைத்த 7 நாளுக்குள் முதலாளி அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் 75 சதவீதம் கிடைக்கும். முதல் மூன்று மாதம் அதை முதலாளி கொடுத்துவிட்டு, வேலையில் அடிபட்டவர்களுக்குப் பணம் தரும் அரசின் இழப்பீட்டு நிதியத்திடம் திரும்ப வாங்கிக்கொள்வார். மூன்று நாளோ அதற்குக் குறைவோ என்றால் இது கிடையாது. முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது. ஆனால் அவருடைய அலட்சியத்தால்தான் நடந்தது என்று காட்ட முடிந்தால், நிதியத்திடமே கூடுதல் தொகை கேட்கலாம். இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

அப்புறம் இன்னொன்று. வீட்டு வேலை செய்பவர்களை இந்த இழப்பீட்டுச் சட்டம் வெளியே வைத்திருந்தது. முதலாளி வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்த ஒரு பணிப்பெண்ணின் மகள் தொடுத்த வழக்கில், 2020 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை மாற்றியது. உங்கள் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் வந்து துணி துவைக்கிற அம்மாவையும் நீங்கள் நிதியத்தில் பதிய வேண்டும். இன்னும் பதியவில்லை என்றால் இந்த வாரமே செய்துவிடுங்கள்.