அரிய நோய், அரிய மருந்து: கேட்டவையும் சொன்னவையும்

உயிரிமருந்து நிறுவனம் ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது தக்கலையில் வசிக்கும் அக்காவிடம் நம் கன்னியாகுமரி மாவட்டத்து வாசகர்கள் கேட்டவை.

மார்த்தாண்டம்: அக்கா, என் அண்ணன் மகனுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது. கோஷே நோயாம். மருந்து ஏன் கோடிக்கணக்கில் விற்கிறது?

கொழுப்பை உடைக்கும் ஒரு நொதி அவன் உடலில் போதிய அளவு சுரக்கவில்லை. அதனால் கொழுப்பு மண்ணீரலிலும் கல்லீரலிலும் தேங்குகிறது. 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற தன் மருந்துக்காக, ஜென்சைம் நிறுவனம் பிரசவத்துக்குப் பின் கிடைக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து அந்த நொதியைப் பிரித்தது. ஒரே நோயாளிக்கு ஆயிரக்கணக்கான நஞ்சுக்கொடிகள் தேவைப்பட்டன! 1994 முதல் வெள்ளெலியின் செல்களில் வளர்க்கிறார்கள். ஒரு கிருமி புகுந்தாலும் அந்தத் தொகுதி முழுவதையும் கொட்ட வேண்டியதுதான். வாங்குபவரோ மிகச் சிலர்.

ஆனாலும் செலவை மட்டும் காரணம் காட்டினால் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்காவின் 1983ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய மருந்துக்கு 7 ஆண்டு தனி விற்பனை உரிமை தருகிறது. போட்டி இல்லாத இடத்தில் விலை இறங்காது. இதே நோய்க்கான எலிக்ளுஸ்டாட் மாத்திரைக்கு ஆண்டுக்கு 1.8 கோடி முதல் 3.6 கோடி ரூபாய் வரை ஆனது. இந்தியாவிலேயே தயாரித்ததும் அது 3 முதல் 6 லட்சமாகிவிட்டதாக 2023இல் மத்திய அரசு அறிவித்தது. அது பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. உங்கள் பையனுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தநாளத்தில் ஏற்றும் நொதி மருந்தைத்தான் மருத்துவர் சொல்வார்.

குளச்சல்: அரசு உதவிக்குச் சென்னைக்கா அலைய வேண்டும்?

எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் அரிய நோய்களுக்கான சிறப்பு மையம்தான். ஆனால் நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரியின் எஸ்.ஏ.டி. மருத்துவமனை இருக்கிறது. காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். அதுவும் அத்தகைய மையம்தான். அங்கே பதிந்தால் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கைப்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பணம் மையத்துக்கே போகும். குழந்தையின் எடை கூடக்கூட மருந்தின் அளவும் கூடும், அந்த 50 லட்சம் கரைந்துவிடும். இந்த உச்சவரம்பை உயர்த்தியே ஆக வேண்டும்.

தோவாளை: தண்டுவடத் தசைநலிவுக்கு ஒரே ஊசி போதுமாமே?

அது அமெரிக்காவில் 2019இல் அனுமதி பெற்ற சோல்ஜென்ஸ்மா என்ற மருந்து. 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. விலை 21 லட்சம் டாலருக்கு மேல். இந்த நோயில் அழிந்த நரம்பு செல் திரும்பி வராது. ஆகவே கழுத்து நிற்காத குழந்தையை “போகப்போகச் சரியாகும்” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

குழித்துறை: மருந்துச் சோதனையில் சேர்க்கப் பணம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். சோதனை மருந்துக்கு நோயாளி பணம் கட்டக்கூடாது.

ஆரல்வாய்மொழி: முறைமாமனை மணந்தேன். மூத்தவனுக்கு நோய் வந்துவிட்டது. அடுத்த குழந்தைக்கு வராதுதானே?

தங்கையே, இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் வகை நோய் என்றால் ஒவ்வொரு கருவுக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூத்தவனுக்கு வந்ததால் அது குறையாது. உங்கள்மேல் குற்றம் ஏதும் இல்லை. மூத்தவனின் மரபணு அறிக்கை கையில் இருந்தால், கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே பரிசோதித்துவிடலாம். அந்த அறிக்கையை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள்.