கைவேலைக்கு வழிகாட்டும் கண்ணாடி: திருகோணமலை வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி (வள்ளம் கட்டுபவர், கொட்பே): தலையில் அணியும் கண்ணாடி, பலகையின்மேல் வரைந்ததுபோல் காட்டும் ஒளிக்கோட்டில் துளையிட்டால் இடம் தவறுகிறது. கண்ணாடி பழுதா?

பதில்: பழுதில்லை ஐயா. மைக்ரோசொப்ட்டின் ஹோலோலென்ஸ் போன்ற, ஒளி ஊடுருவும் கண்ணாடிகளில் ஒளிப்படிமம் ஏறத்தாழ 2 மீற்றர் தூரத்தில் குவியும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் துளைக்கருவியின் முனையோ கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. முனையைக் கூர்ந்து பார்த்தால் கோடு கலங்கும், கோட்டைக் கூர்ந்து பார்த்தால் முனை கலங்கும். இரண்டையும் ஒருங்கே தெளிவாகக் காண இயலாத கண், கோடு நிற்கும் இடத்தை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகம் சில மில்லிமீற்றர் தவறலாம். ஒட்டுப்பலகை ஒன்றில் உருக்கு அளவுகோலின் விளிம்போடு ஒளிக்கோட்டைப் பொருத்திவிட்டு, கோட்டை மட்டும் நம்பிப் பென்சிலால் இழுத்துப் பார்த்தேன்; கண்ணாடியைக் கழற்றியபோது என் கோடு விளிம்பை விட்டு விலகிக் கிடந்தது. ஆகவே எந்தத் துளை, எந்த வரிசை, எந்த அளவுத் துளைமுனை என்பவற்றைக் கண்ணாடி சொல்லட்டும். இடத்தை, துளையிடங்கள் வெட்டிய அச்சுப்பலகையும் பென்சிலும் சொல்லட்டும்.

கேள்வி (மாணவி, உப்புவெளி): இது எங்கே தொடங்கியது?

பதில்: தலையில் அணியும் காட்சிக்கருவியை ஐவன் சதர்லாந்து 1968இல் செய்து காட்டினார். தொழிற்சாலை வேலைக்கு இதனை முன்மொழிந்தவர்கள் போயிங் நிறுவனத்தின் ரொம் கோடெலும் டேவிட் மைசெலும். அவர்களின் கட்டுரை 1992இல் வெளிவந்தது. விமானத்தின் மின்கம்பிக் கட்டுகளைப் பலகையில் அடுக்குவோருக்கு எந்தக் கம்பி எவ்வழியாகப் போகவேண்டும் என்று காட்டுவதே அவர்களின் நோக்கங்களில் ஒன்று, தங்கச்சி. மேலே நான் சொன்ன வரிசை வேலைக்கு அது நல்ல உதாரணம்.

கேள்வி (நகைத் தொழிலாளி, திருகோணமலை நகர்): கல் பதிக்க உதவுமா?

பதில்: உதவாது. உங்கள் உருப்பெருக்கிக் கண்ணாடியே மேல்.

கேள்வி (கிண்ணியா): விலை என்ன?

பதில்: ஹோலோலென்ஸ் 2 உற்பத்தியை மைக்ரோசொப்ட் 2024இல் நிறுத்திவிட்டது. மற்றவற்றின் விலையை விற்பவர்களிடமே கேளுங்கள்.

கேள்வி (வள்ளம் கட்டுபவரின் நண்பர்): கமரா வழியாகக் காட்டும் கண்ணாடிகளில் கையும் கோடும் ஒரே திரையில் தெரிகின்றனவே. உங்கள் காரணம் அங்கே செல்லாது.

பதில்: நியாயமான மறுப்பு, குவியத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் கமரா உங்கள் கண் இருக்கும் இடத்தில் இல்லை, ஆதலால் கைக்கும் பார்வைக்கும் இடையே இடம் பிசகும். படம் வந்து சேரச் சிறு தாமதமும் உண்டு. துளைக்கருவி சுழலும்போது திரை அணைந்தால் உங்கள் கையையே காணமாட்டீர்கள். இதை எண்ணித்தான் அதனை நான் பரிந்துரைப்பதில்லை.

அவரே மீண்டும்: ஒளி ஊடுருவும் கண்ணாடியிலேயே ஒரு கண்ணை மூடினால்?

பதில்: இரு கண்களின் பார்வையும் கையருகே ஒரு புள்ளியில் கூட, படிமத்தின் குவியம் 2 மீற்றரில் நிற்பதால் வரும் முரண் நீங்கும். கலங்கல் நீங்காது.

கேள்வி (மூதூர்): கடற்கரையில் கோடு மங்குகிறதே?

பதில்: ஒளி ஊடுருவும் கண்ணாடி, காட்சிக்கு ஒளியைச் சேர்க்குமேயன்றி இருளைச் சேர்க்காது, நம் மதிய வெயிலில் கோடு கரைந்துவிடும். கொட்டகைக்குள் செய்யுங்கள்.

கேள்வி (கன்னியா): எனக்கும் துளை தவறுகிறது, மென்பொருள் பிழையா?

பதில்: முதற் பதிலை வாசியுங்கள், தம்பி. பென்சில் குறி இல்லாத இடத்தில் துளையிடாதீர்கள்.