சேவல் குஞ்சுகளே அதிகம் பொரிக்கின்றன: சூட்டை மாற்றுவதா, சேவலை மாற்றுவதா?

கேள்வி: வீட்டோடு நாட்டுக்கோழி வளர்க்கிறேன். சிறிய இன்குபேட்டர் ஒன்று வாங்கி 24 முட்டைகள் வைத்தேன். 19 குஞ்சுகள் பொரித்தன. வளர்ந்த பிறகு பார்த்தால் 13 சேவல், 6 பெட்டை. முட்டைக்காக வளர்ப்பதால் எனக்குப் பெட்டைகள்தான் வேண்டும். இன்குபேட்டர் விற்றவர், சூட்டை ஒரு டிகிரி மாற்றி வைத்தால் பெட்டைகள் கூடும் என்கிறார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், "சேவலை மாற்று" என்கிறார். யார் சொல்வது சரி? இன்னொரு சந்தேகம்: மூன்று வருடமாக முட்டையிட்ட பெட்டை ஒன்று இப்போது கூவுகிறது, கொண்டையும் பெருத்துவிட்டது. அபசகுனம், அறுத்துவிடு என்று வீட்டில் சொல்கிறார்கள். அது சேவலாக மாறிவிட்டதா?
(திண்டுக்கல் மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டாம். சூட்டில் கை வைத்தால் கரு சாகும். சேவலை மாற்றினால் பணம்தான் போகும். பெட்டை ஒன்றுகூட அதிகமாகாது.

முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு முட்டையிலும் சேவலுக்கும் பெட்டைக்கும் சரிபாதி வாய்ப்பு. அப்படியிருக்க, 19 குஞ்சுகளில் 13 அல்லது அதற்கு மேல் சேவலாக அமைவது ஏறத்தாழ 12 தடவைக்கு ஒரு தடவை தானாகவே நடக்கும். அதே அளவுக்குப் பெட்டைகள் மிகுந்து வரும் ஈடுகளும் உண்டு. ஆனால் அப்போது யாரும் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. ஒரே ஈட்டை வைத்துக்கொண்டு சேவலையோ மின்சாரப் பெட்டியையோ குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

அடுத்து, சேவல். மனிதர்களில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் இழைகள்). ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஆகவே பிள்ளை ஆணா பெண்ணா என்பது தந்தையின் விந்தணுவைப் பொறுத்தது. பறவைகளில் இது அப்படியே தலைகீழ். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். அதன் விந்தணு எல்லாமே ஒரே மாதிரி, ஆளுக்கு ஓர் இசட். பெட்டைக்குத்தான் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். கருமுட்டை சூலகத்தை விட்டுக் கழல்வதற்குச் சற்று முன், இந்த இரண்டில் ஒன்று முட்டையில் தங்குகிறது, மற்றது வெளியே தள்ளப்படுகிறது. இசட் தங்கினால் சேவல், டபிள்யூ தங்கினால் பெட்டை. அதன் பிறகுதான் சேவலின் விந்தணு வந்து சேர்கிறது, வெள்ளைக்கரு சூழ்கிறது, ஓடு கட்டுகிறது. இதற்கெல்லாம் ஒரு நாளுக்குச் சற்று அதிகமாக ஆகும். முட்டை உங்கள் கையில் சூடாக இருக்கும்போதே உள்ளே பல்லாயிரம் செல்கள் கொண்ட கரு இருக்கிறது. ஒவ்வொரு செல்லுக்கும் தன் பால், அதாவது ஆணா பெண்ணா என்பது, முடிவாகிவிட்டது. நம் ஊரில் பெண் பிள்ளை பிறந்தால் மருமகளைத் திட்டினார்கள். கோழி விஷயத்தில் பெரியவர் சேவலைத் திட்டுகிறார். இரண்டு இடத்திலும் பழி ஆள் மாறித்தான் விழுகிறது.

கூர்முனை முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று பொறுக்கி வைப்பதும் இதனாலேயே பயனற்றது. முட்டைக்கு வடிவம் கிடைப்பது பால் முடிவான பிறகு. ஒரே கோழி பெரும்பாலும் ஒரே வடிவத்தில்தான் இட்டுக்கொண்டிருக்கும். பழைய கிரேக்கத்தில் நீண்ட முட்டை பெட்டைக்கு என்றார்கள்; ரோமில் அது சேவலுக்கு என்றார்கள். இரண்டு ஊரிலும் கோழிகள் சரிபாதியாகவே பொரித்திருக்கும்.

சூட்டுக் கதைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்குபேட்டர் விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அவர் விலங்கை மட்டும் மாற்றிச் சொல்லிவிட்டார். அவருடைய அறிவுரை முதலைக்கு மிகப் பொருத்தம். சென்னை அருகே வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையின் சதுப்புநில முதலை முட்டைகளை வைத்து 1980களில் ஆய்வு செய்தார்கள். 28 முதல் 31 டிகிரி செல்சியஸ் வரை வைத்த முட்டைகளில் பெண் குட்டிகள் மட்டுமே வந்தன, 32.5 டிகிரியில் ஆண் மட்டுமே. முதலைக்குப் பால் குரோமோசோம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆணாவதும் பெண்ணாவதும் மணல் மேட்டின் வெப்பத்தில் இருக்கிறது. பல ஆமைகளுக்கும் அப்படியே.

இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் பறவைகளுக்கு மிக நெருங்கிய உறவு முதலைதான். அப்படியானால் கோழி எங்கே தடம் மாறியது? நெருப்புக்கோழி முதல் சிட்டுக்குருவி வரை எல்லாப் பறவைகளிலும் இதே இசட், டபிள்யூ ஜோடிதான் காணப்படுகிறது. ஆகவே இன்றைய பறவைகள் அனைத்துக்கும் பொதுவான மூதாதையிடமே, 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, இந்த ஏற்பாடு வந்துவிட்டது. வெப்பத்தின் கையிலிருந்த அதிகாரம் ஒரு குரோமோசோம் ஜோடியின் கைக்குப் போயிருக்க வேண்டும்.

அந்த ஜோடி தொடக்கத்தில் மற்ற ஜோடிகளைப் போல ஒரு சாதாரண ஜோடி. பால் குரோமோசோம்கள் எல்லாமே இப்படிச் சாதாரண ஜோடிகளிலிருந்து பிறந்தவை என்று 1967-லேயே சுசுமு ஓனோ என்ற மரபியலாளர் வாதிட்டார். பின்னால் வந்த மரபணு வரைபடங்கள் அவர் பக்கமே சாய்ந்தன. கோழியின் இசட்டில் உள்ள மரபணுக்களை மனித உடலில் தேடினால் எக்ஸிலோ ஒய்யிலோ கிடைப்பதில்லை. பெரும்பகுதி நம்முடைய 9ஆம், 5ஆம் குரோமோசோம்களில் கிடக்கிறது. நம் எக்ஸில் உள்ளவை கோழியின் 1ஆம், 4ஆம் குரோமோசோம்களில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கின்றன. அதாவது பாலூட்டிகளும் பறவைகளும் வெவ்வேறு ஜோடிகளைத் தனித்தனியே இந்த வேலைக்கு அமர்த்திக்கொண்டன.

பறவைகளின் ஜோடியில் முக்கியமான மரபணு டிஎம்ஆர்டி1. இது இசட்டில் உண்டு, டபிள்யூவில் இல்லை. சேவலுக்கு இரண்டு பங்கு, பெட்டைக்கு ஒரு பங்கு. இரண்டு பங்கு இருந்தால் கருவில் விந்தகம் உருவாகும். ஒரு பங்கு போதாது, சூலகம் உருவாகும். 2009-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேவல் கருக்களில் இந்த மரபணுவின் செயலைக் குறைத்தபோது விந்தகம் சூலகத்தின் சாயலைப் பெற்றது. 2021-இல் எடின்பரோவின் ரோஸ்லின் நிறுவனத்தில் இரண்டில் ஒரு பிரதியை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். இரண்டு இசட் இருந்தும் உள்ளே சூலகம் வளர்ந்தது. ஆனால் கொண்டை, தாடி, உடல் எடை எல்லாம் சேவலாகவே இருந்தன. இந்தக் கடைசி விவரத்தை நினைவில் வையுங்கள், உங்கள் கூவும் கோழிக்கு அது தேவைப்படும். மனிதர்களிலும் இதே மரபணு வேறு குரோமோசோமில் இருந்துகொண்டு வேலை செய்கிறது: 9ஆம் குரோமோசோமின் நுனி உடைந்து இது தொலைந்தால், ஒய் உள்ள குழந்தைக்கும் விந்தகம் சரியாக வளராமல் போகலாம்.

ஜோடியில் ஒன்று பெட்டைக்கே உரியது என்று ஆனதும் அதற்குச் சரிவு தொடங்கியது. மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் தம் ஜோடியோடு துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும். பழுதானவை அப்படித்தான் களையப்படுகின்றன. இசட்டுக்கும் அந்த வாய்ப்பு உண்டு, சேவலின் உடலில் இரண்டு இசட் சந்திக்கின்றன அல்லவா. டபிள்யூ எப்போதும் தனி ஆள். தாயிடமிருந்து மகளுக்கு மட்டுமே போகிறது. ஒப்புநோக்க வேறு பிரதி இல்லாத ஏட்டுச்சுவடியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தால் என்ன ஆகும்? பிழை பிழையின் மேல் ஏறும், வரிகள் சிதையும். அதுவே டபிள்யூவுக்கு நேர்ந்தது. இன்று கோழியின் இசட்டில் சுமார் 1000 மரபணுக்கள். டபிள்யூவில் சில டஜன். மிஞ்சியவை தற்செயலாகத் தப்பியவை என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் அளவு பாதியாகக் குறைந்தால் உயிருக்கே ஆபத்து என்கிற வகை மரபணுக்கள்தான் தக்கவைக்கப்பட்டிருக்கின்றன.

இந்தச் சிதைவு எல்லாப் பறவைகளிலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. இசட்டுக்கும் டபிள்யூவுக்கும் இடையே தொடக்கத்தில் இருந்த பரிமாற்றம் துண்டு துண்டாக, கட்டம் கட்டமாக நின்றிருக்கிறது. கோழியில் ஒரு சிறு நுனி மட்டுமே இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெருப்புக்கோழியிலும் ஈமுவிலும் பாதிக்கும் மேற்பட்ட நீளத்துக்கு இசட்டும் டபிள்யூவும் இன்னமும் ஒத்த ஜோடியாகவே இருக்கின்றன. இதற்கு நடைமுறை விளைவு உண்டு. கிளி, லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் இறகை அனுப்பிச் செய்துகொள்ளும் டிஎன்ஏ சோதனை, சிஎச்டி1 என்ற மரபணுவின் இசட் பிரதியும் டபிள்யூ பிரதியும் நீளத்தில் வேறுபடுவதை வைத்துத்தான் நடக்கிறது: இரண்டு கோடு தெரிந்தால் பெண், ஒன்று தெரிந்தால் ஆண். ஈமுவில் அந்த இடம் இன்னும் பிரிந்து போகாததால் வழக்கமான சோதனை பலிக்காது. ஈரோடு பக்கம் ஈமு மோகம் தலைக்கேறியிருந்த காலத்தில், தோற்றத்தை வைத்து ஜோடி பிரிக்க முடியாமல் பலர் திண்டாடினார்கள். வளர்ந்த ஈமுவைக் குரலை வைத்துப் பிரிக்கலாம்: நெஞ்சுக்குள்ளிருந்து முரசு போல் ஒலிப்பது பெண், உறுமுவது ஆண்.

ஆக, கோழி முட்டையைச் சூட்டால் மிரட்டிப் பால் மாற்ற முடியாது. சூடு செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, ஒரு பாலைச் சேர்ந்த கருக்களை அதிகமாகக் கொல்வது. ஆஸ்திரேலியாவில் குப்பை மேட்டில் முட்டையிடும் புதர் வான்கோழியில் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம் வெளிவருகின்றன. காரணம் பால் மாறுவது அல்ல, ஆண் கருக்களும் பெண் கருக்களும் வெவ்வேறு வெப்பத்தில் மடிவது. உங்கள் பெட்டியில் 37.5 டிகிரியை விட்டு நகராதீர்கள். ஊசி, ஹார்மோன் என்று யாராவது வந்தாலும் திருப்பி அனுப்புங்கள். பெண் ஹார்மோன் கொடுத்த சேவல் கருவில் சூலகம் போல் ஒன்று தோன்றினாலும், குஞ்சு வளர வளர அது விந்தகத்தின் பக்கமே திரும்பிவிடும்.

பாலை மாற்ற முடியாது. ஆனால் முதல் நாளிலேயே கண்டுபிடித்துத் தேவையில்லாததை விற்றுவிடலாம், தீவனம் மிச்சம். இதற்கும் இசட்டே உதவுகிறது. பெட்டை தன் இசட்டை மகனுக்கு மட்டுமே தருகிறது. மகளுக்கு இசட் வருவது தந்தையிடமிருந்துதான். எனவே இசட்டில் உள்ள, ஒரு பிரதி இருந்தாலே மேலோங்கித் தெரியும் ஒரு நிறம் தாயிடம் மட்டும் இருந்தால் அது மகன்களில் மட்டுமே தெரியும். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும், பட்டைக்கோடு போட்ட பிளைமவுத் ராக் பெட்டைகளையும் சேர்த்துப் பாருங்கள். குஞ்சுகள் எல்லாம் கறுப்பாக இருக்கும். உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் சேவல், இல்லாவிட்டால் பெட்டை. ஜோடியைத் திருப்பிப் போட்டு, கோடு போட்ட சேவலையும் சிவப்புப் பெட்டையையும் சேர்த்தால் எல்லாக் குஞ்சுக்கும் பொட்டு வந்து குழப்பும். இந்தக் குஞ்சுகளையே வளர்த்து அடுத்த தலைமுறை எடுத்தாலும் அடையாளம் நிற்காது.

இறக்கையை விரித்து, நீள இறகும் குட்டை இறகும் மாறி மாறி இருந்தால் பெட்டை என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் படம் பொய்யல்ல. ஆனால் அதற்கென்றே தேர்ந்து, மெதுவாக இறகு முளைக்கும் தாயையும் வேகமாக முளைக்கும் தந்தையையும் சேர்த்த பண்ணை வம்சங்களுக்குத்தான் அது பொருந்தும். கலப்பு நாட்டுக்கோழியில் அதைப் பார்ப்பது காசைச் சுண்டிப் போடுவதற்குச் சமம். எருவாயைப் பிதுக்கிப் பார்க்கும் முறை ஜப்பானில் 1920களில் உருவானது. பழகிய கைக்குத்தான் வரும், பழகாத கை குஞ்சின் குடலைக் காயப்படுத்திவிடும்.

இனி உங்கள் கூவும் பெட்டை. "பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா" என்று கேட்டவர்கள் நிச்சயம் ஒரு தடவையாவது அதன் கூவலைக் கேட்டிருப்பார்கள். கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வளர்ந்து வேலை செய்யும். வலப்பக்கம் ஒரு சிறு மிச்சமாகக் கிடக்கும். வயதாலோ கட்டியாலோ நோயாலோ இடப்பக்கம் கெட்டுப்போனால், பெண் ஹார்மோன் வற்றுகிறது. சும்மா கிடந்த வலப்பக்க மிச்சம் விந்தகத்தின் சாயலில் வளரக்கூடும். கொண்டை பெருக்கும், குரல் மாறும், அடுத்து இறகு உதிரும்போது சேவலின் வாலும் கழுத்து இறகும் முளைக்கலாம். பகட்டான இறகு, கோழியும் மயிலும் சேர்ந்த இந்தக் குடும்பத்தில் இயல்பு நிலை. அதை அடக்கி வைப்பதே பெண் ஹார்மோன். கிழட்டுப் பெண் மயில் சில சமயம் தோகை வளர்ப்பதும் இதனால்தான். 1474-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டதாகச் சொல்லி ஒரு 'சேவலை' விசாரித்து எரித்தார்கள். அது உங்கள் பெட்டையின் நிலையில் இருந்த அப்பாவிக் கோழியாகவே இருந்திருக்கும்.

உங்கள் கோழி அபசகுனம் அல்ல, நோயாளி. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அது சேவலாக மாறவும் இல்லை. ரோஸ்லின் பறவைகளில் கண்டதுபோல, உள்ளே உறுப்பு மாறினாலும் செல்கள் மாறுவதில்லை. உங்கள் பெட்டையின் ஒவ்வொரு செல்லிலும் இன்னமும் ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும்தான். இப்படிக் கூவும் பெட்டைகளில் குஞ்சுக்குத் தந்தையாகும் அளவுக்குப் போவது அபூர்வத்திலும் அபூர்வம். எடின்பரோவில் ஒன்று போயிருக்கிறது: முட்டையிட்டுக்கொண்டிருந்த பஃப் ஆர்பிங்டன் பெட்டை ஒன்று சேவலாகி இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையானதை 1923-இல் எஃப். ஏ. இ. க்ரூ என்பவர் பதிவு செய்தார்.

அப்படி ஒரு ஜோடி சேர்ந்தால் கணக்கு எப்படி வரும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். தாயும் இசட் டபிள்யூ, தந்தையும் இசட் டபிள்யூ. நான்கில் ஒரு பங்கு கருவுக்கு இரண்டு டபிள்யூ மட்டும் கிடைக்கும். இசட் இல்லாமல் அது முட்டைக்குள்ளேயே மடிந்துவிடும். மிஞ்சுவது சேவல் ஒன்றுக்குப் பெட்டை இரண்டு. பெட்டைகளைக் கூட்டித் தரும் 'சேவல்' என்று ஒன்று உங்கள் தோட்டத்தில் இருக்குமானால், அது இந்த நோயாளிதான். ஆனால் அதை நம்பி அடைவைத்தால் பெரும்பாலும் கூமுட்டைகளே மிஞ்சும்.