மழைக்காலத்தில் சோளமும் சோயாவும்: எதை முதலில் அறுப்பது, எங்கே உலர்த்துவது?

கேள்வி: நாங்கள் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தென் செபராங் பிறையில், சுங்கை பாக்காப் பக்கத்தில், அப்பா, தம்பி, நான் என மூவருமாகச் சேர்ந்து விவசாயம் செய்கிறோம். இம்முறை இரண்டு ஏக்கரில் தீவன மக்காச்சோளமும் ஒரு ஏக்கரில் சோயாவும் போட்டோம். இரண்டும் அக்டோபரில் ஒன்றாக முற்றிவிட்டன, மழையோ விடுவதாக இல்லை. சோளத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு வரும்வரை வயலிலேயே விட வேண்டும் என்று இணையத்தில் படித்தேன். நெல் அறுக்கும் இயந்திரக்காரர் ஒருவர் வரத் தயாராக இருக்கிறார். காத்திருக்கலாமா, இயந்திரத்தை இறக்கலாமா? சோளம் எங்கள் ஆறு பசுக்களுக்கும் பக்கத்துத் தோட்டத்துக் கோழிகளுக்கும் போகும்.

பதில்: நீங்கள் படித்த ஆலோசனை தவறானதன்று, அது அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் போன்ற மாநிலங்களுக்காக எழுதப்பட்டது. அங்கே அக்டோபர் என்பது குளிர்ந்த, வறண்ட இலையுதிர் காலம். முற்றிய கதிர் வயலில் நின்றபடியே ஒரு நாளைக்கு அரை விழுக்காடு, சில நாள்களில் ஒரு விழுக்காடு என ஈரத்தை இழக்கும், குளிரில் பூசணமும் மெதுவாகவே வளரும். நம் வடமேற்குக் கரையிலோ செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் ஆண்டின் கனத்த மழைக்காலம், இரவிலும் வெப்பம் 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. இந்தச் சூழலில் முற்றிய பயிரை வயலில் நிறுத்தி வைப்பது, அதை உலர வைப்பதைவிடப் பூசணத்துக்குத் தீனியாக வைப்பதற்கே பெரிதும் உதவும். ஆகவே பயிர் எப்போது உலரும் என்று கேட்பதை விட்டுவிட்டு, அது எப்போது முற்றியது, உங்கள் கூரைக்கு அடியில் ஒரு நாளைக்கு எவ்வளவு உலர்த்த முடியும் என்ற இரண்டையும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோயாவை அறுங்கள். இலை உதிர்ந்து, நூறு நெற்றில் தொண்ணூற்றைந்து பழுப்பு நிறத்துக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் செடி பருப்புக்கு எதையும் சேர்ப்பதில்லை. அதன் பிறகு நனைந்து, காய்ந்து, மறுபடியும் நனையும் ஒவ்வொரு சுற்றிலும் பருப்பு வீங்கிச் சுருங்குகிறது, தோல் சுருக்கம் விழுகிறது, நெற்றின் தையல் தளர்ந்து வெடிக்கிறது. தொடர்மழையில் நெற்றுக்குள்ளேயே முளைவிடுவதும், ஃபோமாப்சிஸ் என்னும் பூசணம் தாக்கிப் பருப்பு சுண்ணாம்பு பூசியதைப்போல் வெளுப்பதும் தாமதத்தின் விளைவுகளே. எவ்வளவு இழக்கிறீர்கள் என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. அடிக்கு அடி அளவில் குச்சியால் ஒரு சட்டம் செய்து, வயலில் பத்து இடங்களில் தரையில் வைத்து, அதற்குள் சிந்திக் கிடக்கும் பருப்பை எண்ணுங்கள். சராசரியாக நான்கு பருப்பு கிடந்தால் ஏக்கருக்கு ஏறத்தாழ 27 கிலோ மண்ணுக்குப் போய்விட்டது என்று பொருள். இந்த எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடினால் காத்திருக்க வேண்டிய காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

ஒரு ஏக்கர் என்பது கையால் அறுக்கக்கூடிய அளவுதான். விடியற்காலைப் பனியில் நெற்று நமத்திருக்கும், அசைத்தாலும் எளிதில் வெடிக்காது. எனவே வெயில் ஏறுமுன் செடிகளை அடியோடு அறுத்துவிடுங்கள். பிடுங்க வேண்டாம், வேர் முடிச்சுகள் மண்ணிலேயே இருந்தால் அடுத்த பயிருக்கு நல்லது. அறுத்த செடியைக் கத்தை கட்டிக் கொட்டகைக்குள் கொடியில் தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே கென்வாஸ் விரித்துவிடுங்கள். குவித்து மட்டும் வைக்காதீர்கள். பச்சைத் தண்டுள்ள குவியல் ஓர் இரவிலேயே சூடேறிவிடும். நெற்றை அமுக்கினால் சடசடவென உடையும் பதம் வந்தபின் தடியால் அடித்துத் தூற்றுங்கள். பருப்பு 13 விழுக்காட்டு ஈரத்துக்கு வந்தால் போதும். 11க்குக் கீழே போனால் அடிக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளக்கும்.

சோளம் அவ்வளவு அவசரப்படுத்தாது, ஆனால் அதற்கும் எல்லை உண்டு. நான்கைந்து கதிரின் நடுவிலிருந்து விதைகளைப் பிடுங்கி, தக்கையோடு ஒட்டியிருந்த கூர்முனையை நகத்தால் கீறிப் பாருங்கள். கறுப்பு வரி தெரிந்தால் கதிர் முற்றிவிட்டது. அப்போது அதன் ஈரம் 30 முதல் 35 விழுக்காடு வரை இருக்கும். அடுத்து, வயலின் வெவ்வேறு மூலைகளில் மொத்தம் நூறு தட்டைகளை ஓர் அடி தூரத்துக்குப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பத்துக்கு மேல் நிமிராமல் சாய்ந்துவிட்டால் தண்டழுகல் தொடங்கிவிட்டது, அந்தப் பகுதியின் கதிர்களை உடனே ஒடித்துவிட வேண்டும். மேற்குக் கரையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன் வீசும் சுமத்ராப் புயற்காற்று, இத்தகைய வலுவிழந்த தட்டைகளை ஒரே வீச்சில் படுக்க வைத்துவிடும். மண்ணில் படுத்த கதிரைக் காப்பாற்ற முடியாது.

தட்டை உறுதியாக நின்றால், சோயா வேலை முடியும் வரை சோளத்துக்குச் சில நாள் தவணை வாங்க ஒரு வழி இருக்கிறது. மெக்சிகோவிலும் நடு அமெரிக்க நாடுகளிலும் சிறு விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது அது. முற்றிய கதிருக்குச் சற்றுக் கீழே தட்டையை மடக்கி, கதிரின் நுனி தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துவிடுவார்கள். நிமிர்ந்து நிற்கும் கதிரின் நுனி ஒரு புனலைப்போல மழைநீரை உள்ளே வாங்கும். கவிழ்ந்த கதிரிலோ மேலுறையே ஓலைக் கூரையாகி நீரை வடியவிடும். இரண்டு ஏக்கரை மடக்க மூன்று பேருக்குச் சில காலைப் பொழுதுகள் ஆகும், ஆனால் உங்கள் நிலையில் நான் கண்டிப்பாகச் செய்யச் சொல்வது இதைத்தான்.

இயந்திரத்தை இப்போது இறக்க வேண்டாம். ஏழு, எட்டு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். உதிராமல் கயிறுபோல் நீண்டால், அந்த மண் பல டன் எடையைத் தாங்கும் நிலையில் இல்லை. மண் இறுகுவதில் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுகிறது, ஆழத்தில் இறுகிய மண் பல பருவங்களுக்கு நீரை வடியவிடாமல் வேரைத் தடுக்கிறது. லோரியையும் வயலுக்குள் விடாமல் வரப்போரத்தில் நிறுத்தி, ஒரே தடத்தில் கைவண்டியால் கதிரை வெளியே கொண்டுவாருங்கள். தவிர, 25 விழுக்காட்டுக்கு மேல் ஈரமுள்ள சோளத்தை இயந்திரத்தில் அடித்தால் விதை நசுங்கி விரிசல் விடும், பூசணம் முதலில் நுழைவது அந்த விரிசல் வழியாகத்தான்.

இனி உலர்த்துவது. நான் பார்த்த வரையில் குடும்பப் பண்ணைகள் நட்டப்படுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 28 விழுக்காட்டு ஈரமுள்ள ஆயிரம் கிலோ சோள விதையை 14க்குக் கொண்டுவர வேண்டுமானால் அதிலிருந்து 163 கிலோ நீர் வெளியேற வேண்டும். கையில் மிஞ்சுவது 837 கிலோ. இத்தனை நீரையும் ஏற்றுக்கொள்ள வேண்டிய பினாங்குக் காற்றோ, மழைக்காலத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் தானே நனைந்து கிடக்கிறது. அந்தக் காற்றை மின்விசிறியால் எவ்வளவு நேரம் வீசினாலும் சோளம் 15, 16 விழுக்காட்டுக்கு அருகில் வந்து நின்றுவிடும். ஆனால் அதே காற்றைப் பத்து டிகிரி சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து நீரை இழுக்கத் தொடங்கும். எனவே கடைசி இரண்டு மூன்று விழுக்காட்டை இறக்க வெயிலோ அடுப்பின் சூடோ தேவைப்படும்.

முதல் கட்டத்துக்கு உரித்த கதிரை முழுதாகவே பரண் கூண்டில் வையுங்கள். ஈரக் காற்றுள்ள நாடுகளுக்கு ஏற்ற கூண்டின் அகலம் 60 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நீளம் உங்கள் விருப்பம். பக்கங்களில் கம்பி வலை, மேலே அகலமான கூரை, தரையிலிருந்து மூன்றடி உயரக் கால்கள், ஒவ்வொரு காலிலும் எலி ஏறாதபடி தகரக் கூம்பு, நீளவாட்டம் காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். 30 விழுக்காட்டு ஈரத்தோடு வரும் கதிரையும் இந்தக் கூண்டு கெடாமல் இறக்கிவிடும். உதிர்த்த விதைக்கு இந்தச் சலுகை இல்லை. நம் வெப்பத்தில் அதை 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்கியாக வேண்டும். பிறகு, வெயில் கிடைக்கும் முற்பகல்களில் உதிர்த்த விதையை இரண்டு அங்குலத்துக்கு மேற்படாத படுகையாக கென்வாஸில் பரப்பி, மணிக்கு ஒருமுறை கிளறிக் கொடுங்கள். மழைநாள்களில், துளையிட்ட தகரத் தளத்தின் மேல் ஓரடி உயரம் பரப்பி, அடியிலிருந்து எரிவாயு அடுப்பால் சூடாக்கிய காற்றை விசிறியால் செலுத்தலாம். சோயாவுக்கு வெப்பம் 45 டிகிரிக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் தோல் வெடிக்கும். அருகில் நெல் உலர்த்தும் ஆலை இருந்தால் கூலிக்கு உலர்த்தித் தருவார்களா என்று அறுக்கும் முன்பே கேட்டுவையுங்கள்.

ஈரமானி இல்லையென்றால் காய்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தைப் போட்டு, வறுத்து ஆறவைத்த உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, ஒரு நிமிடம் குலுக்கி வைத்துவிடுங்கள். கால் மணி நேரத்துக்குப் பின் உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15க்கு மேல் உள்ளது. சாக்கில் கட்டக் கூடாது.

பசுக்களுக்கான பங்கை உலர்த்தவே வேண்டாம் என்பது என் கருத்து. 30 விழுக்காட்டு ஈரமுள்ள கதிரைத் தக்கையோடு கரகரப்பாக அரைத்து, பிளாஸ்டிக் பீப்பாயில் காற்றுப் புகாதபடி மிதித்து அடைத்து, இறுக மூடி மூன்று வாரம் விட்டால் புளித்து நல்ல தீனியாகிவிடும். பெரிய பீப்பாய் வேண்டாம். திறந்தபின் நம் வெப்பத்தில் விரைவாகக் கெடும் என்பதால், ஆறு பசுக்கள் மூன்று நான்கு நாளில் தின்று முடிக்கும் அளவே சரி. முதல் வாரம் சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பூசணம் பிடித்ததை வீட்டுக்கு ஆகாது, மாட்டுக்குப் போடலாம் என்று ஒதுக்குவது நம் குடும்பங்களில் நெடுநாள் வழக்கம். மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் படரும் ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. சமைத்தாலும் காய்ச்சினாலும் புளிக்க வைத்தாலும் அது முழுதாக அழிவதில்லை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இந்த நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று மடிந்தன. 1988இல் நம் அண்டை மாநிலமான பேராக்கில் இந்த நஞ்சு கலந்த மீ (நூடல்ஸ்) உணவை உண்ட பதின்மூன்று குழந்தைகள் ஈரல் செயலிழந்து இறந்தனர். பசு தின்றால் அது ஓரிரு நாளில் வேறு வடிவத்தில் பாலில் இறங்குகிறது, அந்தப் பாலை உங்கள் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கிறார்கள், வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கிறார்கள். பாலில் அனைத்துலக வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் மட்டுமே. மூக்காலோ நாக்காலோ கண்டுபிடிக்க முடியாத அளவு. ஆகவே உரிக்கும்போதே பூசணக் கதிர்களைத் தனியே எறிந்து எரித்துவிடுங்கள். கோழிக்குப் போகும் பங்கிலும் இதே கண்டிப்பு வேண்டும். பொறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு இழுப்பு இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

அடுத்த போகத்துக்குத் தேதியைப் பின்னிருந்து எண்ணுங்கள். இங்கே ஓரளவு மழை குறைவது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில். தீவனச் சோளம் முற்ற ஏறத்தாழ 100 முதல் 110 நாள், சோயாவுக்கு 80 முதல் 95 நாள் என்று கொண்டால், சோளத்தை அக்டோபர் இறுதியிலும் சோயாவை நவம்பர் நடுவிலும் விதைப்பது பொருந்தும். அப்போது மழை விதைப்பில் விழும் என்பதால் பாத்தியை உயர்த்தி, வடிகாலைத் தீபாவளிக்கு முன்பே வெட்டி முடித்துவிடுங்கள். இரண்டு முற்றும் நாளுக்கும் இடையே பத்து நாளாவது இடைவெளி இருக்கும்படி ரகத்தைத் தேர்ந்தெடுக்க, விதை வாங்குமுன் மாவட்ட விவசாயத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சோயாவிலிருந்தே விதை எடுப்பதானால், முதல் நாள் அறுத்த செடிகளிலிருந்து எடுத்து, 40 டிகிரிக்கு மேல் சூடு காட்டாமல் உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவையுங்கள்.